உப்பும் பால்மரமும்

உலகப் பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்பதை மாணவச் செல்வங்கள் பாடநூலில் படித்திருப்பர். ஆயின், அவ்வணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது எங்ஙனம்? உப்புக்கல் நொறுங்குகிறது, ரப்பரோ இழுபடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியக் குளுவாங் வட்டாரத்தாராகிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுக்களையின் உப்புச் சாடியும் பால்மரத்தின் மங்குமே போதும்.

சோடியம் நீர் பட்டாலே சீறும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இவ்விரண்டும் கூடியே நாம் உண்ணும் உப்பாகின்றன! சோடிய அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான் உண்டு; குளோரினுக்கோ எட்டு நிறைய ஒன்று குறைவு. முன்னது கொடுக்கிறது; பின்னது பெறுகிறது. கொடுத்தது நேர்மின்னூட்டமும், பெற்றது எதிர்மின்னூட்டமும் அடைந்து, ஒன்றையொன்று ஈர்த்து அடுக்கடுக்காக நிற்கின்றன. மின்னூட்டம் பெற்ற இவையே அயனிகள். உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டுமென்றால் அப்பிடிப்பின் வலிமையை உணரலாம். ஆனால் ஓங்கி அடித்தால் அடுக்குச் சற்றே நகரும்; ஒத்த மின்னூட்டங்கள் எதிரெதிர் வந்து ஒன்றையொன்று தள்ளும்; கல் பிளந்துவிடும்.

கொடுக்க மனமில்லாத அணுக்களும் உள. அவை எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டு மூலக்கூறாகின்றன. நீரும் சர்க்கரையும் அத்தகையவை. கரைவதெல்லாம் அயனி என எண்ணிவிடலாகாது. நம்மூர் இரயில் நிலையக் காப்பியில் இட்ட சர்க்கரை, மூலக்கூறு சிதையாமலே கரைந்து நிற்கிறது. கொடுத்துக் கூடுவதைக் கோசல் என்பாரும், பகிர்ந்து கூடுவதை லூயிஸ் என்பாரும் 1916ஆம் ஆண்டில் விளக்கினர்.

ரப்பரும் பகிர்ந்து கூடியதே. ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்ட சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலி அது. இழுத்தால் சுருண்ட சங்கிலி நிமிர்கிறது. விட்டால் மீண்டும் சுருள்கிறது. இந்த ஐந்துக்கு எட்டு என்னும் கணக்கை 1826இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. 'அயனி' என்பதன் மூலச்சொல்லை 1834இல் அறிவியலில் வழங்கச் செய்தவரும் அவரே என்பது வியப்பன்றோ!

இனி மங்குக்கு வருவோம். பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகளின் மேற்புறத்தில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஆதலால் அவை ஒன்றையொன்று தள்ளி, ஒட்டாமல் இருக்கின்றன. அமிலம் சேர்த்தால், அது நீரில் விடுக்கும் நேர்மின்னூட்ட ஹைட்ரஜன் அத்தள்ளுதலை நீக்கிவிடுகிறது. துளிகள் நெருங்கி ஒட்டுகின்றன, பால் உறைகிறது.

அந்த வேலையைப் பார்மிக் அமிலமும் செய்யும், சல்பூரிக் அமிலமும் செய்யும். பின்னது விலை மலிவு என்று சிறுதோட்டக்காரர் சிலர் அதனை நாடுவதுண்டு. நம் கருத்தில் அது மலிவன்று. பார்மிக் அமிலம் சிறு மூலக்கூறு. நீரைப் போலவே ஏறத்தாழ 100 பாகையில் கொதிப்பது. உலர்த்தும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். சல்பூரிக் அமிலம் விட்டுச்செல்லும் சல்பேட்டோ அயனி, அது ஆவியாகாது. ரப்பரிலேயே தங்கி, நாளடைவில் அதன் தரத்தைக் கெடுக்கும். ஆலை இயந்திரங்களையும் அரிக்கும். தரம் குறைந்தால் விலையும் குறையும்.

பார்மிக் அமிலம் சாதுவானது என்றும் கருதற்க. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சும் எரிச்சல் நீர் இதுவே. எறும்பிடம் உள்ளது துளி. புட்டியில் உள்ளதோ தோலையும் கண்ணையும் புண்ணாக்க வல்லது. நீர்த்தல் செய்கையில் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. மேலே பட்டுவிட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். சிலர் வசதி கருதிக் குளிர்பானப் புட்டியில் அமிலத்தை ஊற்றி வீட்டுத் திண்ணையில் வைக்கின்றனர். பார்வைக்கு அது நீரைப் போலவே நிறமற்றது. விளையாடிக் களைத்து வரும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.