வெட்டுத்துணிக்கு வந்த வாழ்வு

ஒரு ரவிக்கை வெட்டி முடிந்ததும் தையல்காரரின் மேசைக்கு அடியில் மூன்று விதமான துணி விழுந்திருக்கும். கழுத்தும் கைக்குழியும் வெட்டிய இடத்துப் பிறைத் துண்டுகள், முதுகுத் துணிக்கும் கைத்துணிக்கும் நடுவில் மிஞ்சிய முக்கோணங்கள், நெய்த கரையோடு நீளமாக வந்த நாடாக்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக் கடைத்தெருக்களில் இவை சாக்குச் சாக்காகச் சேரும். டூ பை டூ, ரூபியா, லைனிங் துணி, பட்டுத் துண்டு, பாலியெஸ்டர் எல்லாம் ஒரே சாக்கில்தான் கிடக்கும். மெக்கானிக் கடைக்கு எண்ணெய் துடைக்கவும் தலையணைக்குள் அடைக்கவும் கொஞ்சம் போகும். மிச்சத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தச் சாக்கைப் பயனுள்ளதாக்கும் முதல் வேலை, தரம் பிரிப்பது. கண்ணுக்கும் கைக்கும் ஐயமாக இருந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பருத்தி தாள் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் ஒரே போர்வையில் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையில் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. தையல் ஓரமெல்லாம் கொசுவம் கொசுவமாக நிற்கும். மேல்துணி நன்றாக வந்தும் போர்வை கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காவிரிப் படுகையின் வீடுகளில் பழந்துணிக்கு ஒரு படிவரிசை இருந்தது. நூல்சேலை நைந்ததும் குழந்தைக்குத் தூளியாகும். தூளி இற்றால் அணைத்துணியாகும். அதுவும் கிழிந்தால் அடுப்பங்கரையில் கரித்துணி. வெள்ளை வேட்டி துண்டாகி, வடிகட்டும் துணியாகி, கடைசியில் விளக்குக்குத் திரியாகி எரிந்து தீரும். பட்டுச்சேலையின் வழி வேறு. அதிலுள்ள ஜரிகையின் வெள்ளிக்காக அதை வாங்குவோர் தெருத்தெருவாக வருவதால், நல்ல கரைகள் பலவும் வீட்டைவிட்டுப் போய்விட்டன.

வயலிலும் பழஞ்சேலைக்கு வேலை உண்டு. அரைச் சேலையை நீளவாட்டில் முறுக்கி, இரண்டு சுற்று வளையமாக்கி, நுனியை உள்ளே செருகினால் சும்மாடு. அறுத்த நெற்கட்டு களத்துக்குப் போனது அதன் மேல்தான். தலைக்கும் கட்டுக்கும் நடுவே பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும் அந்த வளையத்துக்குத் தையலே கிடையாது. அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கியபின் கட்டுச் சுமப்பது குறைந்தது, சும்மாடும் அருகிப்போனது. அணைத்துணியின் இடத்தைக் கடையில் வாங்கும் டயாப்பர் பிடித்தது. சேலைகளில் பல செயற்கை இழையானபின் அவை தூளிக்கும் உதவுவதில்லை, திரிக்கும் உதவுவதில்லை. படிவரிசை உடைந்ததால்தான் பீரோவில் பழந்துணி குவிகிறது.

துண்டுத் துணிக்கு இப்பகுதியில் கிடைத்த மிக உயர்ந்த இடம் தேர். தஞ்சாவூர்ப் பகுதியின் ஒட்டுத்துணி வேலை கோயிலை நம்பி வளர்ந்தது. தேரைச் சுற்றிக் கட்டும் தேர்ச்சீலை, மூலைகளில் தொங்கும் உருளை வடிவத் தொம்பை, காற்றில் ஆடும் அசைந்தாடி, குறுக்கே கட்டும் தோரணம், சுவாமி குடை என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கருநீலம் ஆகியவையே முக்கிய நிறங்கள். அடித்துணியின் மேல் யாளி முகம், கிளி, யானை, தாமரை, தெய்வ உருவங்களைத் தனித்தனி நிறத் துணியில் வெட்டி வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பார்கள். யாளியின் முகத்துக்குப் பெரிய துணி வேண்டும். அதன் பல்லுக்கும் விழிக்கும் கிளியின் மூக்குக்கும் விரலளவுத் துண்டு போதும். துண்டுத் துணிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

தொம்பை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் நீள்சதுரத் துணியைத் தரையில் விரித்து, அதைக் குறுக்குப் பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். அடியில் நாக்கு நாக்காக வெட்டிய பட்டைகள் நிறம் மாறி மாறித் தொங்கும். வேலை முடிந்தபின் துணியைச் சுருட்டி இரு ஓரத்தையும் இணைத்து, உள்ளே வளையங்களை வைத்துக் கட்டினால் உருளை நிற்கும். இதைப் பார்ப்பவர் கீழே, வடம்பிடிக்கும் கூட்டத்தில் நிற்கிறார். ஆகவே நுணுக்கமான தையல் வீண். பெரிய உருவமும் அடுத்தடுத்து மோதும் நிறமும்தான் அங்கே எடுபடும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி என்பது ஊரறிந்த கணக்கு. அதில் மரம் கீழ்ப்பகுதி மட்டுமே, மேலே எழும்பி நிற்பது மூங்கிலும் துணியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதுத்தேர் செய்து, நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப்பின் 2015 ஏப்ரலில் சித்திரைத் தேரோட்டம் மறுபடி நடந்தது. தேர் ஓடுகிற வரைக்கும் தொம்பைக்காரருக்கு வேலை உண்டு.

இதே பொருள்களைத் தைக்காமல் எழுதித் தீட்டும் மரபும் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையும் அதைச் சுற்றிய ஊர்களும் கலம்காரிக்குப் பெயர் பெற்றவை. இந்த மரபுக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஓவியரின் கலை, மிச்சத் துணிக்கு அதில் இடமில்லை. ஒட்டுத்துணி வேலைக்கும் அந்த அளவு கவனம் கிடைத்திருக்க வேண்டும். ஒடிசாவில் புரி ரதங்களின் துணியாலும் பிப்பிலி ஊரின் ஒட்டுத்துணி வேலையாலும் உலகமே அந்தக் கலையை அறிந்திருக்கிறது. தஞ்சாவூர்த் தொம்பையை அதன் கீழ் நின்று கும்பிடுகிறவர்களே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

துண்டு துண்டாக வெட்டித் தைத்த துணிக்கும் நெல்வயலுக்கும் ஒரு பழைய தொடர்பு சொல்லப்படுகிறது. மகத நாட்டில் வரப்பும் வாய்க்காலுமாகக் கிடந்த வயல்களைக் காட்டி, துறவியரின் ஆடையை அப்படி அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அப்படியே வெட்டித் தைத்துக் கொடுத்தார் என்கிறது பௌத்தரின் வினய நூல். பட்டைகளைத் தைத்து இணைத்த அந்தச் சீவரம் நாகப்பட்டினத்துக்கும் வந்திருக்கும். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் பெயரால் அங்கே எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமாகக் கொடுக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் பதிந்திருக்கின்றன.

இனி போர்வைக்கு வரலாம். பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுத் தைப்பது வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. வங்காளப் பெண்கள் தையல் நூலையும் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். தஞ்சையை மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்டபோதும் தடித்த போர்வை இங்கே பொதுவழக்காகவில்லை. காரணம் தட்பவெப்பம். மார்கழி, தை விடியற்காலப் பனிக்கு மட்டும்தான் படுகையில் போர்வை தேவைப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஞ்சு வைத்த போர்வை நனைந்தால் மூன்று நாளானாலும் காயாது, பூஞ்சை வாடையும் போகாது.

இது புரியாமல் போனதால்தான் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் ஒட்டுப்போர்வையின் மேல்துணி மட்டும் மடித்தபடி கிடக்கிறது. நிறம் பார்த்துத் துண்டுகளை இணைப்பது இன்பமான வேலை என்பதால் அது முடிந்துவிடுகிறது. அடுத்தது பஞ்சு வாங்குவது, அடுக்குவது, மொத்தமாகத் தைப்பது என்று வெளிநாட்டு முறையை மனத்தில் வைத்திருப்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். இந்த மண்ணுக்குப் பஞ்சே வேண்டாம். மேல்துணி, நடுவில் ஒரு பழஞ்சேலை, அடியில் இன்னொன்று. மூன்று அடுக்குப் பருத்தி மார்கழிப் பனிக்குத் தாராளம்.

பல வருடம் கிடந்த மேல்துணியை எடுத்தவுடன் தைக்கக் கூடாது. நிழலில் ஒருநாள் விரித்துக் காற்றாட விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். மடிப்புக் கோடுகளில் நூல் இற்றிருக்கும். பூச்சி அரித்த ஓட்டைகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் கஞ்சிதான். கஞ்சிப்பசை உள்ள துணியை இராமபாணப் பூச்சியும் கரப்பானும் விடுவதில்லை. ஆகவே மேல்துணியைச் சேமிப்பதென்றால் கஞ்சியை அலசிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். மடிப்பிலே வசம்புத் துண்டோ காய்ந்த நொச்சி இலையோ வைத்து, ஆண்டுக்கொருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுவது நல்லது.

துண்டுகளை வெட்டுகிற நேரத்தில் மட்டும் கஞ்சி நல்ல துணை. வடித்த கஞ்சியில் மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து வடிகட்டி, துண்டுகளை முக்கி நிழலில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால், வழுக்கும் ரூபியாகூட விறைத்து நேராக வெட்டப்படும். சோறு வடிக்கும் வீட்டில் இதற்குக் காசு கிடையாது. சிவப்புத் துண்டுகளைச் சேர்க்குமுன் ஈரமாக்கி வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்த வேண்டும். சாயம் ஒட்டினால் தனியே அலச வேண்டும்; மூன்று அலசலுக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம்.

இற்ற துண்டைப் பிரித்தெடுக்க முயல்வது தப்பு. சுற்றியுள்ள தையலும் அதோடு அவிழும். தொம்பைக்காரர் வழியே இங்கே சிறந்தது. பழைய துண்டை அப்படியே விட்டு, அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகப் புதுத் துண்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து அதன் மேலேயே வைத்து எம்மிங் போட்டுவிடலாம். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு கிளியோ மாங்காயோ வந்தால் யாருக்கும் தெரியாது.

அடித்துணிக்குக் கணக்கு எளிது. ஆறு கஜச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். அதைப் பாதியாக வெட்டிப் பக்கத்தில் பக்கம் இணைத்தால் இரண்டேமுக்கால் மீட்டர் நீளமும் இரண்டேகால் மீட்டர் அகலமுமான துணி கிடைக்கும். இருவர் கட்டிலுக்குப் போதும். மடிசாருக்கு வாங்கிய ஒன்பது கஜ நூல்சேலை இருந்தால் அதை மூன்றாக மடித்தாலே ஒரு கோரைப்பாயை மூடும் மூன்று அடுக்குப் போர்வை ஆயிற்று. அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் மூன்று விரல் அதிகம் இருக்கட்டும். கடைசியில் அதையே முன்பக்கம் இரண்டு மடிப்பாகத் திருப்பித் தைத்தால் பைப்பிங் செலவு மிச்சம்.

மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, பெரிய ஓட்டுத்தையலால் தற்காலிகமாகப் பிணைத்தபின் தைப்பதை நடுவில் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். பஞ்சு இல்லாததால் தையல் வரிகள் நான்கு விரல் இடைவெளியில் இருந்தாலே போதும். கையால் நூலோட்டம் போடலாம். மிதி தையல் இயந்திரத்தில் தையலை நீளமாக வைத்து நேர்வரியாக ஓட்டலாம். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் வந்த இலவச இயந்திரங்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. மூன்று அடுக்குப் பருத்தியைத் தைக்க அவை தாராளமாகப் போதும்.

பெட்டியில் இரண்டு மூன்று மேல்துணி கிடந்தால் முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுப்பது நல்லது. அளவு குறைந்ததைச் சுற்றிச் சேலைக்கரை கொடுத்துப் பெரிதாக்கலாம். கோணிப்போனதை, பாலியெஸ்டர் கலந்ததை வெட்டிப் பையாகவோ மெத்தை உறையாகவோ ஆக்குவதில் குற்றமில்லை. பத்து வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடப்பதைவிட அது மேல். அடைமழைக்கு முன்பே துணியை அலசி வெயிலில் காயவைத்துவிட வேண்டும் என்பதால், ஆடியில் பெட்டியைத் திறப்பவர்களுக்கே மார்கழியில் போர்வை கிடைக்கும்.