"சத்தம் கேட்டா ஓடு!" - விமானத்துக்குப் பயந்த என் கதை



நான் பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. வயது 37. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மாமியார் பிரச்னை, பிள்ளை வளர்ப்பு, கடன் தொல்லை என்று எத்தனையோ சகோதரிகள் இந்தப் பகுதியில் மனம் திறந்து எழுதுகிறீர்கள். நான் சொல்லப் போவதைக் கேட்டு சிலருக்குச் சிரிப்புகூட வரலாம். எனக்கு விமானம் என்றால் பயம். லேசுப்பட்ட பயம் இல்லை. அந்தப் பயத்தால் பெற்ற தகப்பனின் முகத்தை உயிரோடு பார்க்காமல் விட்டவள் நான்.

2018-ல் அப்பாவை சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலையில் அண்ணன் போன் செய்து, "உடனே கிளம்பி வா. மதுரையிலிருந்து மத்தியான விமானத்துக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார். அவசரமாக கார் பிடித்து ஒன்றரை மணி நேரத்தில் மதுரை விமான நிலையம் போய்விட்டோம். சோதனை எல்லாம் முடிந்து வரிசையிலும் நின்றுவிட்டேன். கண்ணாடி வழியாக விமானத்தின் கதவு தெரிந்தது. 'அதை மூடிவிட்டால் நடுவில் இறங்க முடியாதே' என்று நினைத்ததுதான் தாமதம், கை கால் உதறியது, மூச்சு முட்டியது. வரிசையை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன்.

ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். ரயில் செங்கல்பட்டு வந்தபோது அண்ணனிடமிருந்து போன். "அப்பா போயிட்டாரும்மா" என்றார். அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பயந்த பாவத்தை நான் இன்றைக்கு வரை சுமக்கிறேன்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "வெடிக்கு நடுவுல பிறந்து வளர்ந்தவ, பிளேன்ல ஏறப் பயந்துட்டாளாம்!" என்று பேசினார்கள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சு. நானும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொண்டேன்.

என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். 2025 ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி, பத்தடி நடக்க முடியாது. மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. "அக்கா, நீ வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள் தங்கை. சிங்கப்பூருக்கு ரயிலா இருக்கிறது? 'பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு பாஸ்போர்ட் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமான விபத்து. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும்தான் பிழைத்தார். டி.வி.யில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அன்று ராத்திரி தங்கைக்குப் போன் செய்து, "என்னால முடியாதுடி" என்று அழுதுவிட்டேன். "பரவாயில்லக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் வீட்டுக்காரர் நல்லவர். "பஸ்லயும் பைக்லயும் போறதுதான் ஆபத்து. தமிழ்நாட்டு ரோட்டுல 2022-ல மட்டும் 17 ஆயிரம் பேருக்கு மேல செத்துருக்காங்க. பிளேன்ல அவ்வளவா சாகுறாங்க?" என்று கணக்குச் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் தோழிகளே, கணக்கு மண்டைக்குப் புரிகிறது, வயிற்றுக்குப் புரிய மாட்டேன் என்கிறதே!

ஜூலை 1 அன்று எங்கள் பக்கத்திலேயே, சின்னக்காமன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துப் பல உயிர்கள் போயின. மறுநாள் காலையில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் வந்தது. பெண்கள் டிபன் தூக்கோடு ஏறிப் போனார்கள். "இவங்களுக்கெல்லாம் பயமே இல்லையாம்மா? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் பட்டாசு ஆலையில் சரம் பின்னியவள். நான் ஒன்பது வயதில் லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, நாலு ரூம் தள்ளி ஒரு ரூம் வெடித்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள். அந்தச் சத்தமும் புகையும் இன்னும் என் காதிலும் மூக்கிலும் இருக்கின்றன. அன்றைக்கு அம்மா சொன்னாள்: "சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு திரும்பிப் பார்க்காத. கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கோ அந்தப் பக்கம் ஓடு."

பட்டாசு ஆலைகளைப் பற்றித் தெரியாத தோழிகளுக்காகச் சொல்கிறேன். ரூம்களைத் தள்ளித் தள்ளித்தான் கட்ட வேண்டும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் சாத்தக் கூடாது. நைலக்ஸ் சேலை கூடாது, பருத்திதான் கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை எல்லாம் மீறும் இடங்களில்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்ததை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது.

நான் கேட்டதற்கு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நீ ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல தாயி. நான் சொல்லிக் கொடுத்தத நீ இன்னும் மறக்கல, அவ்வளவுதான். சத்தம் கேட்டா ஓடணும், கதவ சாத்துனா உட்காரக் கூடாதுங்கிறது இந்த ஊருப் பாடம். பிளேனுக்குன்னு வேற பாடம் இருக்கும்ல? அது தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேளு."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உயரத்துக்கு நான் பயப்படவே இல்லை. சாத்திய கதவு, அதற்குள் என்னவென்று தெரியாத சத்தம், ஓட இடமில்லை, இந்த மூன்றும்தான் என் பயம். லிஃப்டிலும் நான் ஏறமாட்டேன், தியேட்டரிலும் வாசல் பக்கம்தான் உட்காருவேன். எல்லாம் ஒரே பயம்தான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

எங்கள் தெருவில் விமானப் பராமரிப்பு படித்து வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். லீவில் வந்திருந்தவனைக் கூப்பிட்டு வைத்து, "ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் என்னென்ன சத்தம் கேட்கும், எதனால கேட்கும், வரிசையாச் சொல்லுப்பா" என்றேன். "யாருமே இப்படிக் கேட்டதில்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் உதவும் என்பதால் அதை அப்படியே தருகிறேன்.

* கிளம்புவதற்கு முன்னால் சில ஏர்பஸ் விமானங்களில் காலுக்கடியில் நாய் குரைக்கிற மாதிரி சத்தம் வரும். உள்ளே இருக்கும் ஒரு பம்பின் சத்தம் அது. பயப்பட ஒன்றுமில்லை.

* ஓடுபாதைக்குப் போகும்போது 'ர்ர்ர்' என்று மோட்டார் சத்தம் கேட்கும். மேலே எழும்புவதற்காக இறக்கையின் ஓரப் பலகைகளை நீட்டுகிறார்கள்.

* மேலே ஏறியதும் 'டொம்' என்று ஒரு சத்தம். சக்கரம் உள்ளே மடங்கிக் கதவு மூடுகிறது.

* ஏறி ஒன்றிரண்டு நிமிஷத்தில் இன்ஜின் சத்தம் திடீரென்று குறையும், கீழே விழுவது போல இருக்கும். விழவில்லை. ஏறுவதற்குப் போட்ட முழு வேகத்தைக் குறைக்கிறார்கள்.

* 'டிங்' என்ற மணி பணிப்பெண்களைக் கூப்பிடுவதற்கும் பெல்ட் விளக்குக்கும் அடிப்பது. அபாய மணி இல்லை.

* குலுக்கல், காற்று ஒரே சீராக இல்லாததால் வருவது. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் போகிற மாதிரி. பெல்ட் போட்டிருந்தால் போதும்.

* இறங்குவதற்கு முன் மறுபடி 'டொம்', சக்கரம் வெளியே வருகிறது. தரையைத் தொட்டதும் பெரிய இரைச்சல், வேகத்தைக் குறைக்க இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி விடுகிறார்கள்.

"நடுவானத்துல யாராவது கதவைத் திறந்துட்டா?" என்று கேட்டேன். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அந்த உயரத்தில் எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது என்றான். "இன்ஜின் நின்னுட்டா?" என்றேன். ஒன்று நின்றாலும் இன்னொன்றை வைத்துப் பத்திரமாக இறக்க முடியும். இரண்டும் நின்றாலும் கல் மாதிரி விழாது, அந்த உயரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதந்தே போகும் என்றான். மதுரை வானத்தில் நின்றுபோனால் கோவில்பட்டி வரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 பேரையும் காப்பாற்றிய கதையையும் சொன்னான்.

"அப்ப அகமதாபாத்?" என்று கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "நடக்கவே நடக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. ரொம்ப அபூர்வமா நடக்கும். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தேடி, அதுல கத்துக்கிட்டதை வச்சுத்தான் எங்களுக்கு விதிமுறையே எழுதுறாங்க" என்றான். பூசி மெழுகாமல் சொன்னதால் அவன் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

படிப்பது வேறு, பழகுவது வேறு இல்லையா? மகன் செல்போனில் விமானம் கிளம்பும் சத்தத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டேன். முதல் நாள் இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை, வியர்த்துவிட்டது. பத்தாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். மதுரைக்குப் போனபோது ஒரு ஜவுளிக்கடை லிஃப்டில் மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை போய்வந்தேன். லிஃப்ட் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்!

மூச்சுப் பயிற்சியும் செய்தேன். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு குறைகிறது.

கிளம்பும் நாளும் வந்தது. பெட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, பிரசவ லேகியம் எல்லாம் வைத்தேன். ஆனால் எங்கள் ஊர் கம்பி மத்தாப்புக்கும் தீப்பெட்டிக்கும் விமானத்தில் அனுமதி கிடையாது. நடைவழியை ஒட்டிய சீட் கேட்டு வாங்கினேன், அதுவும் இறக்கைப் பக்கம். அங்கே குலுக்கல் குறைவாகத் தெரியுமாம். ஏறியதும் பணிப்பெண்ணிடம், "எனக்கு இதுதான் முதல் தடவை, ரொம்பப் பயமா இருக்கும்மா" என்று வெட்கப்படாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்து, நடுநடுவே வந்து பார்த்துக்கொண்டது.

கதவைச் சாத்தினார்கள். வயிறு கலங்கியது, கை சில்லிட்டது. நோட்டை விரித்து மடியில் வைத்தேன். மோட்டார் சத்தம் கேட்டது, பேனாவால் ஒரு டிக். 'டொம்', இன்னொரு டிக். இன்ஜின் சத்தம் குறைந்தபோது உயிரே போய்விட்டது போல இருந்தது. ஆனாலும் 'இது நோட்டில் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு அதற்கும் டிக் போட்டேன். ஒவ்வொரு சத்தமும் பெயரோடு வந்ததும் ஓட வேண்டும் என்ற வெறி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அப்போது மைக்கில் விமானி பேசினார். பெண் குரல்! 1936-லேயே 21 வயதில், நாலு வயதுக் குழந்தைக்குத் தாயான சரளா தாக்ரால் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டியதை எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. 'ஓட்டுவதற்கே பெண்கள் இருக்க, உட்கார்ந்து வருவதற்கு நான் பயந்தால் எப்படி?' என்று கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

நாலு மணி நேரம் சொச்சத்தில் சிங்கப்பூர். இறங்கும்போது காது அடைத்தது, மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கியதும் சரியானது. தங்கைக்கு ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. முதலில் கையில் வாங்கியது நான்தான். அப்பாவுக்குச் செய்யாமல் விட்டது அதனால் தீர்ந்துவிடாது. ஆனாலும் அந்தப் பிஞ்சைக் கையில் ஏந்தியபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

நாற்பது நாள் இருந்து திரும்பி வரும்போதும் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பயம் போன பிறகு ஏறலாம் என்று இருந்திருந்தால் நான் இன்னும் சிவகாசியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

என்னைப் போன்ற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். அடுத்தவர் கொடுக்கும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். நீங்களாக முயன்றும் முடியவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். இந்தப் பயத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதில் வெட்கம் எதுவும் இல்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று. பயப்படுகிறவளைக் கேலி செய்யாதீர்கள். 'எதைக் கண்டு பயம்?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்னிடம் ஏழு வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு அத்தை மும்பையில் இருக்கும் மகனைப் பார்க்க முதல் தடவையாக விமானத்தில் கிளம்பினார்கள். "ஏத்தா, அந்த நோட்டைக் கொஞ்சம் குடு" என்று வாங்கிப் போயிருக்கிறார்கள். பால் கணக்கை இப்போது காலண்டரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகாசி