வகுப்பறையில் கணினி: கேரளம் தரும் படிப்பினை

கற்பித்தலுக்குக் கருவி துணையாகுமேயன்றி ஆசிரியருக்கு ஈடாகாது. கேரளத்தின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது.

அம்மாநிலப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்வித் திட்டம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2004-இல் ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளின் துணையுடன் 2005-இல் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. 2018-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் அமைக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருளைக் கையாண்டமையால் உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகளும் அங்கு வழங்குகின்றன. வீட்டுமொழி வேறு, பாடமொழி வேறு என்னும் நிலையிலுள்ள மாணவர், இதயம் இயங்கும் முறையைத் திரையில் காணும்போது, சொல் விளங்குமுன்பே பொருள் விளங்கிவிடுகிறது. எனினும், படத்தை நிறுத்தி, வினா எழுப்பி, விடையைத் திருத்துபவர் ஆசிரியரே.

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சி இல்லாத மாணவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது வசதி செய்யப்பட்டது. ஒளிபரப்பு யாவருக்கும் பொதுவாயினும், அதனைப் பெறும் வாய்ப்பு பொதுவன்று என்பது அப்போது வெளிப்பட்டது.

ஆகவே, கருவிகளுக்கு நிதி ஒதுக்குவதோடு, அவற்றின் பராமரிப்புக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், வீட்டில் வசதியற்ற மாணவர்கள் பள்ளி நேரத்திற்குப் பின் பயில்வதற்கான இடத்திற்கும் வழிசெய்தல் திட்டமிடுவோரின் கடமையாகும்.