வாடிக்கையாளரே புதுப்பிக்கும் இணையத்தளம்: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

இணையத்தளத்தை உருவாக்கித் தருபவர் ஒருவர். அதில் உள்ள தகவல்களை அவ்வப்போது மாற்ற வேண்டியவர் இன்னொருவர். நிரல் எழுதத் தெரியாத அந்த இரண்டாமவரும் உலாவியின் வழியே உள்நுழைந்து பக்கங்களைத் திருத்த வழிசெய்யும் மென்பொருள் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படுகிறது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மாதக் கட்டணத்தில் கிடைக்கும் விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற சேவைகளும் இதே வேலையைச் செய்கின்றன.

பள்ளியின் சேர்க்கைக்கான கடைசி நாள், மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு நேரம், கடையின் தொலைபேசி எண் போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை. தளத்தில் பழைய நேரம் இருந்தால் நோயாளி வீணாக அலைவார். பழைய தேதி இருந்தால் மாணவருக்கு ஓராண்டு போய்விடலாம். இவ்வகைத் தகவலைப் பொறுத்தவரை, தளமே இல்லாத நிறுவனத்தைவிடப் பழைய தகவலோடு நிற்கும் தளம் அதிகக் கேடு செய்யும். எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, தளம் திறந்து ஓராண்டு கழிந்த பின் அதை யார், எப்படித் திருத்துவார் என்பதே.

பின்னணி

1990களில் பக்கங்கள் எச்டிஎம்எல் மொழியில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டு, கோப்புப் பரிமாற்ற நிரல் வழியாக வழங்கிக்கு ஏற்றப்பட்டன. ஒரு சொல்லை மாற்றுவதற்கும் வாடிக்கையாளர் வடிவமைப்பாளரைத் தேட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 1996இல் வாங்கிய ஃபிரன்ட்பேஜ், மேக்ரோமீடியா 1997இல் வெளியிட்ட டிரீம்வீவர் ஆகியவை நிரல் எழுதும் சுமையைக் குறைத்தன. ஆனால் அவற்றைக் கையாளப் பயிற்சி வேண்டும். பழக்கமில்லாதவர் தொட்டால் பக்க அமைப்பு முழுவதும் குலைந்துபோகும்.

இந்தச் சிக்கலுக்கென்றே மேக்ரோமீடியா 2002இல் கான்ட்ரிபியூட் என்ற மென்பொருளை வெளியிட்டது. வடிவமைப்பாளர் பக்கத்தின் சில பகுதிகளைப் பூட்டி வைப்பார். திறந்துள்ள பகுதிகளை மட்டும் வாடிக்கையாளர் திருத்தலாம். பின்னர் அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்த இம்மென்பொருள் 2017இல் நிறுத்தப்பட்டது. மென்பொருள் மறைந்தாலும், எதைத் திறந்து விடுவது, எதைப் பூட்டுவது என்ற அதன் கேள்வி இன்றைய கருவிகள் அனைத்திலும் தொடர்கிறது.

இதே காலத்தில் வழங்கியிலேயே இயங்கும் அமைப்புகளும் வளர்ந்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த டிரைஸ் பய்டார்ட் தொடங்கிய ட்ரூபல் 2001இல் வெளிவந்தது. மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் பி2 என்ற பழைய நிரலிலிருந்து பிரித்து வளர்த்த வேர்ட்பிரஸ் 2003 மே மாதத்தில் வந்தது. மாம்போ என்ற அமைப்பிலிருந்து பிரிந்த ஜூம்லா 2005இல் வந்தது. மூன்றும் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். இன்று உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டவை வேர்ட்பிரசில் இயங்குகின்றன.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் வார்ப்புருவில் இருக்கும். ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்து பக்கம் உருவாகிறது. எனவே எழுத்தை மாற்றுபவர் தோற்றத்தைத் தொட வேண்டியதில்லை.

திருத்தப் போகிறவர் யார்?

கருவிகளின் வசதிப் பட்டியலை ஒப்பிடுவதிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் தவறான வழி. திருத்தப் போகிறவரிலிருந்து தொடங்க வேண்டும். நிறுவனத்தின் உரிமையாளர் தாமே திருத்துவதாகச் சொல்வார். நடைமுறையில் அந்த வேலை வரவேற்பு மேசையில் இருப்பவருக்கோ அலுவலக எழுத்தருக்கோ போய்ச் சேரும். அவர் ஓராண்டில் வேலை மாறலாம். அவருக்கு அளித்த பயிற்சியும் அவரோடு போய்விடும். ஆகவே புதிதாக வருபவர் அரை மணி நேரத்தில் பழகிக்கொள்ளக்கூடிய திரை, ஆயிரம் வசதிகளைவிட மதிப்புள்ளது.

எத்தனை முறை மாற்றம் வரும் என்பதும் முக்கியம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் மாறும் ஐந்து பக்கத் தளத்திற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை உள்நுழைபவர் கடவுச்சொல்லையே மறந்திருப்பார். அத்தகைய தளத்தை நிலையான பக்கங்களாக வைத்து, மாற்றத்தை வடிவமைப்பாளரே செய்து தருவது மலிவானது. (வாடிக்கையாளர்கள் இதை ஏற்பது அரிது. எல்லாவற்றையும் தாமே மாற்றும் வசதி வேண்டும் என்றே பெரும்பாலோர் கேட்பர்.) நாள்தோறும் அறிவிப்பு வெளியிடும் கல்லூரிக்கோ, வாரம் ஒருமுறை விலை மாற்றும் கடைக்கோ நிலைமை வேறு. அங்கே திருத்துபவர் கைப்பேசியிலிருந்தே வேலையை முடிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும்.

பலர் சேர்ந்து திருத்தும் இடத்தில் பயனர் நிலைகள் தேவைப்படும். வேர்ட்பிரசின் தனித் தளத்தில் நிருவாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து நிலைகள் உள்ளன. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. படத்தையும் ஏற்ற முடியாது. படத்தோடு செய்தி எழுத வேண்டியவரைப் பங்களிப்பாளராக வைத்தால் முதல் நாளே தொலைபேசி ஒலிக்கும். அதற்கு அஞ்சி எல்லோரையும் நிருவாகியாக்குவது அதைவிட மோசம். ஒரு தவறான சொடுக்கில் தளத்தின் தோற்றமே மாறிவிடும்.

பெரிய பெட்டியா, சிறிய கட்டங்களா?

வாடிக்கையாளருக்கு எழுதும் பெட்டியை இரு விதமாகத் தரலாம். ஒன்று, எதை வேண்டுமானாலும் இடக்கூடிய பெரிய வெற்றுப் பெட்டி. மற்றொன்று, ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனிக் கட்டம். மருத்துவர் பட்டியலை எடுத்துக்கொண்டால், வெற்றுப் பெட்டியில் ஒருவர் பெயரைத் தடித்த எழுத்தில் இடுவார். அடுத்தவர் சிவப்பில் இடுவார். மூன்றாமவர் பட்டியல் முழுவதையும் படமாக எடுத்து ஒட்டுவார். படத்தில் உள்ள பெயரைத் தேடுபொறி படிக்காமல் போகலாம்; பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது எட்டாது. பெயர், துறை, நாள், நேரம் என நான்கு கட்டங்களைத் தந்துவிட்டால் யார் நிரப்பினாலும் பட்டியல் ஒரே சீராக வரும். துறை வாரியாகப் பிரித்துக் காட்டவும் இயலும்.

ட்ரூபலின் வலிமை இத்தகைய கட்டமைப்பில்தான் உள்ளது. வேர்ட்பிரசிலும் 2010இல் வந்த 3.0 பதிப்பு முதல் தனிப்பயன் பதிவு வகைகளை எளிதாக அமைக்க முடிகிறது. எனினும் 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு, குட்டன்பெர்க் என்ற தொகுப்பியைக் கொண்டு வந்து, பக்கத்தைத் தொகுதி தொகுதியாக அடுக்கும் சுதந்திரத்தை எழுதுபவருக்கே அளித்தது. வடிவமைப்பு உணர்வுள்ளவருக்கு இது வரம். அறிவிப்பை மட்டும் மாற்ற வந்தவருக்குத் தேவையற்ற சுமை. தொகுதிகளைப் பூட்டி வைக்கும் வசதியும் அதில் உண்டு. தளத்தை ஒப்படைக்கும் முன் வடிவமைப்பாளர் அதைப் பயன்படுத்த வேண்டும்.

கட்டுக்கோப்பின் பக்கம் முற்றிலும் சாய்ந்த முறைக்கு இந்தியாவின் மாவட்ட நிருவாகத் தளங்கள் எடுத்துக்காட்டு. தேசியத் தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்ற பெயரில் ஆயத்த வார்ப்புருக்களையும் வழங்கியையும் தருகிறது. மாவட்ட அலுவலர்கள் உள்ளடக்கத்தை மட்டும் நிரப்புகின்றனர். தமிழ்நாட்டு மாவட்டங்களின் தளங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதற்கு இதுவே காரணம். அழகில் தனித்தன்மை இல்லை. ஆனால் ஒரு மாவட்டத் தளத்தில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைத் தேடப் பழகியவர் இன்னொரு மாவட்டத் தளத்திலும் தடுமாறமாட்டார்.

தமிழ் உள்ளடக்கத்தின் சிக்கல்கள்

தமிழில் இயங்கும் தளத்திற்குக் கூடுதலாகச் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் உள்ளது. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பவை. அவற்றில் அடித்ததைத் தொகுப்பியில் ஒட்டினால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். திருத்துபவருக்கு ஒருங்குறித் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துரு மாற்றியைக் கையாளவாவது கற்றுத் தர வேண்டும். எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பும் இதைத் தானே சரிசெய்துவிடாது.

இன்னொன்று பக்க முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்குகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று இடங்களாக விரியும். ஆக, ஒரு குறிக்கு 9 இடங்கள். துணைக்காலும் புள்ளியும் தனிக் குறிகள் என்பதால் ‘மாணவர்’ என்ற நான்கெழுத்துச் சொல் 6 குறிகளாகி 54 இடங்களை அடைத்துக்கொள்ளும். முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடங்களே. எனவே 22 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் வெட்டுப்படும். ஒரே மாதிரித் தொடங்கும் இரு அறிவிப்புகளின் முகவரிகள் கடைசி எண்ணைத் தவிர வேறுபாடின்றி நிற்கும். பதிவிடும்போதே குறுகிய முகவரியைக் கையால் இடுவது எளிய தீர்வு. அதைத் திருத்துபவருக்கு முதல் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பு

கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பராமரிப்புச் செலவு உண்டு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இல் இருந்த கடுமையான பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டுத் திருத்தம் வெளியிடப்பட்டது. இரு வாரம் கழித்து ட்ரூபலின் பாதுகாப்புக் குழு, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்திற்குள் திருத்தப்படாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என எச்சரித்தது. இந்திய நேரப்படி அந்த 7 மணி நேரம் இரவிலேயே கழிந்துவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத சிறு நிறுவனத்தின் தளத்தை அப்போது விழித்திருந்து காத்திருக்க யாரும் இல்லை.

வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்கிறது. ஆயினும் செருகுநிரல்கள் பலவீனமான இடமாகவே உள்ளன. ஒரு வசதிக்கு ஒன்றாக முப்பது செருகுநிரல்களைச் சேர்த்த தளத்தில், அவற்றை எழுதிய முப்பது தரப்பினரும் தொடர்ந்து அவற்றைக் கவனிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும் பதிப்பு மாற்றங்களும் செலவு வைப்பவை. 2011இல் வந்த ட்ரூபல் 7இன் ஆதரவு 2025 சனவரி 5 அன்று முடிவுற்றது. அதிலிருந்து புதிய பதிப்புக்கு மாறுவது பல தளங்களுக்கு மீண்டும் கட்டுவதற்கு ஒப்பான வேலை.

பராமரிக்க ஆளில்லாத வாடிக்கையாளருக்கு மாதக் கட்டணச் சேவையே பொருத்தம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களைச் சேவை தருபவரே பார்த்துக்கொள்வார். விலை என்னவெனில், தளத்தை அப்படியே வேறு வழங்கிக்குக் கொண்டுபோக முடியாது. சேவை மூடப்பட்டால் தளமும் போகும். யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதில் தனிமனிதர்கள் கட்டியிருந்த எண்ணற்ற பக்கங்கள் நீக்கப்பட்டன.

ஒப்படைப்பும் வெளியேறும் வழியும்

சில வடிவமைப்பு நிறுவனங்கள் தாமே எழுதிய அமைப்பை வாடிக்கையாளருக்குத் தருவதுண்டு. தொடக்கத்தில் அது தேவைக்கு அளவெடுத்ததுபோல் எளிமையாக இருக்கும். அந்த நிறுவனம் மூடப்பட்டாலோ, கட்டணத்தில் பிணக்கு வந்தாலோ அதைத் தொடத் தெரிந்தவர் வேறு எவரும் இரார். பரவலான அமைப்பைத் தேர்ந்தால் வேறொரு வல்லுநரைத் தேடிக்கொள்ளலாம். எந்த அமைப்பாயினும் ஆள்களப் பெயர் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். நிருவாகிக் கணக்கு ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் பெயரில் ஆள்களம் இருந்தால், தளம் முழுவதும் வாடிக்கையாளர் எழுதியதாக இருந்தாலும் அதன் வாசற்கதவு பிறர் கையில் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் சோதனைத் தளம் ஒன்றை நிறுவி, உண்மையில் திருத்தப் போகிறவரை அழைத்து மூன்று வேலைகளைக் கொடுக்கலாம்: ஓர் அறிவிப்பைப் படத்தோடு வெளியிடுவது, ஒரு தொலைபேசி எண்ணை மாற்றுவது, தவறாக அழித்த பத்தியைப் பழைய திருத்தங்களிலிருந்து மீட்பது. அருகில் இருப்பவர் வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறார் என்பது விளம்பரக் கையேட்டில் இருக்காது.

நான்காவதாக, உள்ளடக்கத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதையும் செய்துவிடுவது நல்லது. வேர்ட்பிரசின் ஏற்றுமதிக் கருவி பதிவுகளையும் பக்கங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். ஆனால் அக்கோப்பில் படங்கள் இரா. அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். பழைய வழங்கி நிறுத்தப்பட்ட பிறகு அந்த முகவரிகளால் பயனில்லை என்பதால், பதிவேற்றக் கோப்புறையைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும்.