மூச்சுவிட வந்தால் மாட்டிக்கொள்ளும்!

நீர்மூழ்கிக் கப்பலுக்கும் மூச்சு முட்டும் என்றால் நம்பமாட்டீர்கள். டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். கடலடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் மூழ்கியிருக்கும் வரை பாட்டரிதான் கதி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏராளமாகக் கட்டிய ஏழாம் ரகக் கப்பல், மணிக்கு 4 கடல் மைல் வீதம் ஊர்ந்தால் சுமார் 80 கடல் மைல் போகும். ஒரு நாள்கூட முழுதாக இல்லை. பிறகு பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற மேலே வந்தாக வேண்டும். மேலே ராடாருடன் விமானம் காத்திருக்கும். 1943 மே மாதம் மட்டும் 40க்கு மேற்பட்ட கப்பல்களை ஜெர்மனி பறிகொடுத்தது.

அப்போதுதான் டச்சுக்காரர்களின் 'ஸ்நார்க்கல்' குழாய் ஞாபகம் வந்தது. 1940-ல் ஹாலந்து வீழ்ந்தபோதே கைக்கு வந்த சரக்குதான். அதுவரை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. கப்பல் சற்றே ஆழத்தில் மறைந்திருக்க, குழாயின் தலை மட்டும் நீருக்கு மேலே நிற்கும். அதன் வழியே எஞ்சின் காற்றை இழுக்கும்.

உள்ளே இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அலை புரண்டால் குழாயின் மூடி படக்கென்று அடைத்துக்கொள்ளும். எஞ்சினோ நிற்காது, கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். நாற்பதுக்கு மேற்பட்ட மாலுமிகளுக்கும் காது வலி பிராணனை வாங்கும்.

பகடையில் கடற்போர்

இந்தக் கண்ணாமூச்சியை வீட்டு மேசையிலேயே ஆடலாம். அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த லாரி பாண்ட் உருவாக்கிய 'ஹார்ப்பூன்' 1980-ல் வெளிவந்தது. பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, எதிரி தென்பட்டானா என்று முடிவு செய்வார்கள். பின்னர் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது. 2005-ல் வந்த 'சைலன்ட் ஹன்டர் 3' ஆட்டத்தில் ஜெர்மன் கேப்டனாகவே இருந்து, போரின் பிற்பகுதியில் இந்தக் குழாயையும் பொருத்திக்கொள்ளலாம்.

குழாயை எவ்வளவு தூரத்தில் கண்டுபிடிக்க முடியும்? ஆடுகிறவர்கள் ஓயாமல் தர்க்கம் செய்யும் விஷயம் இதுதான். ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. கடல் கொந்தளித்தால் ராடார் திரை முழுவதும் அலைகளின் எதிரொலி. அதில் ஒரு குழாய்த் தலையைப் பொறுக்குவது லேசல்ல. ராடாரை ஏமாற்ற ஜெர்மானியர் அதன் மேல் ரப்பர் உறையும் போர்த்தினார்கள். கடல் அமைதியாக இருந்தாலோ, குழாய் கிழிக்கும் நுரைக்கோடும் எஞ்சின் புகையும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஆனால் குழாயை மட்டும் எண்ணும் ஆட்டம் அரைக் கணக்குதான். பாட்டரியில் பூனைபோல் நடக்கும் கப்பல், டீசலைக் கிளப்பியதும் லாரிபோல் இரையும். தூரத்து சோனார் அதைக் கேட்டுவிடும். சொந்த இரைச்சலில் கப்பலின் காதும் அடைத்துவிடும். எதிரி நெருங்குவது தெரியாது. அதனால்தான் ஜெர்மானியர் அவ்வப்போது எஞ்சினை நிறுத்திச் சுற்றிலும் உற்றுக் கேட்டார்கள். ராடார், சத்தம், செவிடு மூன்றையும் கணக்கில் எடுக்கும் ஆட்டத்தில்தான் நெஞ்சு படபடக்கும்.

காற்றே வேண்டாத எஞ்சினும் வந்துவிட்டது. 1996-ல் கடற்படையில் சேர்ந்த ஸ்வீடனின் 'காட்லண்ட்', கூடவே கொண்டுபோகும் ஆக்சிஜனைக் கொண்டு வாரக் கணக்கில் அடியிலேயே மெதுவாக நகரும். வேகம் பிடித்தாலோ பாட்டரிதான்; அது தீர்ந்தால் மறுபடி குழாய்தான்.

பம்பாய் மசகான் துறையில் உருவாகி 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த 'கல்வரி'யும் டீசல்-மின்சாரக் கப்பலே. பாட்டரி இறங்கினால் அதுவும் குழாயை உயர்த்தத்தான் வேண்டும்.