‘இன்னும் எத்தனை நாள் சாப்பிடணும், டாக்டர்?’

மனநல மருத்துவரிடம் போய்வருகிற எவரும் என்றாவது ஒரு நாள் இதைக் கேட்டே தீருவார்கள். வாய் திறந்து கேட்காதவர் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். தூக்கம் திரும்பிவிட்டது, சோறு இறங்குகிறது, வேலைக்கும் போகத் தொடங்கியாயிற்று. ‘நல்லாத்தானே இருக்கே, இனிமே எதுக்கு? பழகிடப் போகுது’ என்று அம்மாவோ அத்தையோ எடுத்துக்கொடுப்பார்கள். கல்யாணம் நிச்சயமானால் முதலில் ஒளித்துவைக்கப்படுவது மாத்திரை அட்டைதான். சபரிமலைக்கு மாலை போட்டவர், விரதம் முடிகிறவரை மருந்து வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்.

நிறுத்தலாமா என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. உடம்பு அவருடையது, பக்கவிளைவும் அவருடையது. ஆனால் மனச்சோர்வுக்கு ஒரு பதில், பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறுக்கு வேறொரு பதில். நாமோ இரண்டையும் ‘நரம்பு மாத்திரை’ என்று சொல்லி ஒரே டப்பாவில் போட்டுவிடுகிறோம்.

மனச்சோர்வு முதல் தடவை வந்தவருக்கு, குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவில் மருந்து தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டல். பலர் இங்கேதான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். முதல் மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, தேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

அதன் பிறகு? 2021இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்று இதையே நேராகச் சோதித்தது. நெடுநாள் மருந்து சாப்பிட்டு, ‘இப்போது நன்றாக இருக்கிறேன், நிறுத்தலாம்போல’ என்று நினைத்த 478 பேர் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு அதே மருந்து தொடர்ந்தது. மீதிப் பேருக்குப் படிப்படியாகக் குறைத்து வெற்று மாத்திரை தரப்பட்டது. தமக்குக் கிடைப்பது எது என்று இரு தரப்பினருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. ‘நிறுத்தவே கூடாது’ என்பவரும் ‘நிறுத்தினால் ஒன்றும் ஆகாது’ என்பவரும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். மருந்து காக்கிறது, ஆனால் எல்லோரையும் காப்பதில்லை. நிறுத்தியவர்களிலும் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் அந்த ஒரு வருடத்தை நோயில்லாமல் கடந்திருக்கிறார்கள். தான் எந்தப் பக்கம் நிற்கக்கூடும் என்பதை முன்பு எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது, உயிரை விடும் எண்ணம் இருந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் எடைபோட முடியும்.

நிறுத்துவது என்று முடிவானால் எப்படி நிறுத்துவது என்பது தனி விஷயம். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற சுளீர் உணர்வு எல்லாம் வரலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகளில் இது அதிகம். உடம்பில் நெடுநாள் தங்கும் ஃப்ளூயோக்ஸெடினில் குறைவு. இதைப் பார்த்து ‘நோய் திரும்பிவிட்டது’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மருந்தை விட்டதால் வரும் தொந்தரவு சில நாட்களிலேயே தலைகாட்டும், நோயோ வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். இந்தத் தொந்தரவு வருவதால் மாத்திரை போதைப் பழக்கம் ஆகிவிடாது. ஆனால் ‘இந்த மாத்திரையை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவரும் முழு உண்மையைச் சொல்லவில்லை. சிறிய அளவு மருந்துகூட மூளையில் கணிசமாக வேலை செய்கிறது. அதனால் கடைசிப் படிகளை இன்னும் சிறிதாக, இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். நம்மூரில் பலரும் செய்யும் ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ முறை, பெரும்பாலான மருந்துகளில் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றி இறக்கி அலைக்கழிக்கத்தான் உதவும்.

பைபோலார் கதையே வேறு. அங்கே ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்ற உணர்வே சில சமயம் நோயின் தொடக்கமாக இருக்கும். இரண்டு மணி நேரத் தூக்கம் போதும், கையில் காசு நிற்காது, தலையில் நூறு திட்டங்கள். மருந்தே தேவையில்லை என்று அப்போதுதான் தோன்றும்.

இதைத் தன் வாழ்க்கையில் பார்த்து எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன். இந்த நோயைப் பற்றிப் பாடநூல் எழுதியவர், இந்த நோய்க்காரரும்கூட. 1974இல் பல்கலைக்கழக வேலையில் சேர்ந்த சில மாதங்களில் அந்த மிதமிஞ்சிய உற்சாகம், அதாவது பித்துநிலை, முற்றியது. பாம்புக்கடி முதலுதவிப் பெட்டிகளையெல்லாம் வாங்கிக் குவித்தார். லித்தியம் என்ற மருந்து அவரை மீட்டது. ஆனாலும் திரும்பத் திரும்ப நிறுத்தினார். அந்த உற்சாக நாட்களின் ஏக்கம் ஒரு பக்கம், சமாளித்துவிடலாம் என்ற வீறாப்பு மறு பக்கம். லித்தியம் வேண்டாம் என்று வாதாடியவர்களில் அவருடைய அக்காவும் ஒருவர். (வீட்டாரின் அறிவுரை எந்த நாட்டிலும் ஒன்றுதான்போல.) ஒருமுறை உயிரையே விடத் துணிந்து பிழைத்தார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. லித்தியத்தால் பல வருடம் அவரால் ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. மருத்துவர் அளவைக் குறைத்தபோது வாசிப்பு திரும்பியது, நோய் கட்டுக்குள்ளேயே இருந்தது. தொடர்வது, நிறுத்துவது என்ற இரண்டுக்கும் நடுவே அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, சாப்பிடும் நேரத்தை மாற்றுவது என்று பல வழிகள் உண்டு. அவற்றைப் பேச ஐந்து நிமிட ஆலோசனை போதாது என்பதுதான் சங்கடம்.

லித்தியத்தை ஒரேயடியாக நிறுத்துவது மிக மோசமான வழி. சில மாதங்களுக்குள் பித்துநிலை திரும்பும் வாய்ப்பு கூடிவிடும். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு மருத்துவர் கண்காணிப்பில்தான் குறைக்க வேண்டும். தொடர்கிறவர்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். ஆகவே உப்பில்லா விரதம், கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது, வயிற்றுப்போக்கு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஐப்யூபுரூஃபன் எல்லாமே அளவை நஞ்சாகும்வரை ஏற்றிவிடக்கூடும். பைபோலாருக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்புரோயேட்டைச் சாப்பிடும் பெண்கள் கர்ப்பத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். கருவிலுள்ள குழந்தையை அது கடுமையாகப் பாதிக்கும். கல்யாணத்தை முன்னிட்டு மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சே நடப்பதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தெளிவாக இருக்கும் காலத்திலேயே, நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை ஒருவர் எழுதிவைக்கலாம். மருந்தை விடத் தோன்றும் நாளில் தன்னிடமே காட்டிக்கொள்ள இதைவிட நல்ல சீட்டு இல்லை என்பேன்.

அடுத்த முறை போகும்போது ‘எப்போது நிறுத்தலாம், எப்படிக் குறைப்பது, திரும்பி வந்தால் முதலில் என்ன தெரியும்?’ என்ற மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டாலே எரிந்துவிழுகிறவர் என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள், அதுவரை மாத்திரை தொடரட்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டுத் தூக்கமின்றித் தவிக்கிறீர்கள் என்றாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றாலோ மறைக்காமல் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.