முழங்கை வலிக்கு நீவி விடாதீர்கள்

துணி பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்கிறது. தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. காபி டம்ளர்கூடக் கனக்கிறது. "எத்தனை நாளாக?" என்று கேட்டால், "ஆறு மாசமா இருக்கு டாக்டர்" என்கிறார்கள். தைலம், சுளுக்கு நீவல், மருந்துக்கடை மாத்திரை என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இதற்கு 'டென்னிஸ் எல்போ' என்று பெயர். ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், பரோட்டா மாஸ்டர்கள், தையல்காரர்கள், கொத்தனார்கள்.

நீவினால் சரியாகுமா?

ஆகாது. இது சுளுக்கு அல்ல. மணிக்கட்டைத் தூக்கும் தசைநார், எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது. நைந்த இடத்தைக் கட்டைவிரலால் போட்டு அழுத்தினால் வலி கூடத்தான் செய்யும். உப்பை வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடுத்து, தோல் கொப்பளித்து வருபவர்களும் உண்டு. வலி மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் விழுங்கினால் நைந்த நார் ஆறாது. வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏன் இந்த விஷப்பரீட்சையில் இறங்குகிறீர்கள்?

"ஒரே ஒரு ஊசி போடுங்க"

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி பறந்துவிடும் என்பது உண்மை. அதற்குப் பிறகுதான் சிக்கல். 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது.

எது குணமாக்கும்?

முதலில், நோயைக் கண்டறிய மருத்துவர் கையால் பரிசோதித்தாலே போதும்; ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

அசைக்காமல் கையைக் கழுத்தில் தொட்டில்போல் கட்டித் தொங்கவிட்டால் தசை இளைத்துவிடும். அளவான வேலைதான் மருந்து. வலிக்கும் கையின் முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, தினமும். லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி நீடித்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பத்தாம் நாளே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

போர்வையை முறுக்கிப் பிழியாதீர்கள், சொட்டச் சொட்டக் காயப்போடுங்கள். பாத்திரத்தை உள்ளங்கை மேலே பார்க்க, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். குடத்தைப் பிள்ளைகளிடமோ கணவரிடமோ கொடுங்கள். விரல் மரத்தாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே வாருங்கள். மற்றவர்கள், வலி இரண்டு வாரம் தாண்டினால் தைலத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.